இரண்டு குடிலுக்கும் ஒரே சூடு

பாய்லரக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் என்று சொன்னால் அது அவளைக் குறைத்துச் சொல்வதாகும். மூக்கு வரை போய்விட்டுத் திரும்பி வரும் அளவுக்கு அந்தக் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. அது நேராக அவள் கையிலேயே குடியிருந்தது.

ஒரு முறை அவளுடைய பாய்லருக்குக் கரி போடும் லாரிக்காரர் எடை கூட்டுவதற்காகக் கரியில் தண்ணீரைத் தெளித்துக் கொண்டுவந்து கொட்டினார். ஈரக் கரியைப் போட்டால் அடுப்பின் சூட்டில் ஒரு பங்கு அந்த ஈரத்தை விரட்டவே போய்விடும். மிச்சம்தான் வெந்நீர்க் குழாய்க்கு வரும். பாய்லரக்கா ஒரு கட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு லாரிக்காரரின் பிடரியைப் பிடித்து, அவர் முகத்தை அந்தக் குவியலுக்குள் செருகினாள்.

"காஞ்சிருக்கா இல்லையான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

மரியாதையில் குறை வைக்கவில்லை பாருங்கள். அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த கரியெல்லாம் எலும்பு போலக் காய்ந்திருந்தது. இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்ததும் அந்த லாரிக்காரர்தான்.

அவள் கணவன் கதையையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கல்யாணமான ஏழாம் மாதம் அவன் ஒரு நாள் கை ஓங்கினான். ஓங்கிய கை இறங்குவதற்குள் அவனைச் சுவரோரம் தள்ளி, அங்கே ஓடிய சுடுநீர்க் குழாயில் முதுகை வைத்து அழுத்திவிட்டாள். முதுகைத் தன் அம்மாவிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று போன மனிதன் இன்றுவரை வரவில்லை. அவளும் ஆள் விட்டுத் தேடவில்லை.

சிரிக்க முடியாத கதை ஒன்றும் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. சுவரேறிக் குதித்து ஒரு கூடைக் கரி திருட வந்தவனை அவள் பிடித்தாள். முழங்காலில் அடித்தாள். விழுந்த பிறகும் அடித்தாள். அவன் சத்தம் போடுவதை நிறுத்திய பிறகும் அடித்தாள். அவள் அண்ணன் ஓடிவந்து இடுப்பைக் கட்டி இழுத்து, தரையில் தள்ளி, மேலே உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கை நின்றது. அந்த ஆள் இன்றும் ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்கிறான். ஒரு கூடைக் கரி எத்தனை நேரம் எரியும்? கால் மணி நேரம்கூட எரியாது. நாம் எல்லோரும் முதல் இரண்டு கதைக்குச் சிரித்ததால்தான் மூன்றாவது நடந்தது என்று எனக்குத் தோன்றும். அது கிடக்கட்டும்.

அவள் அப்பாவிடம் இரண்டு கண்ணாடிக் குடில்கள் இருந்தன. வெளியே தரை உறைந்து கிடக்கும் மாதங்களில் உள்ளே வெள்ளரிக்காய் காய்க்க வைக்கும் தொழில். ஒரு குடிலுக்குள் எண்பது வரிசை, வரிசைக்கு நடுவே தண்டவாளம் போல இரட்டைக் குழாய், குழாய்க்குள் கொதிநீர். இரண்டு குடிலுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பாய்லர். அங்கிருந்துதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சூடு போனது.

சாகக் கிடந்தபோது அப்பா பாகம் பிரித்தார். கிழக்குக் குடில் அண்ணனுக்கு. மேற்குக் குடில் தம்பிக்கு. நடுவில் பிறந்தவளுக்கு நடுவில் இருந்த பாய்லர். கூடியிருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பெண்ணுக்கு ஒரு சாண் மண் இல்லை, ஒரு கண்ணாடி இல்லை, எரிகிற அடுப்பைக் கொடுக்கிறாரே என்று பேசிக்கொண்டார்கள். அப்பா அவளை மட்டும் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார்.

"இவனுங்க ரெண்டு பேரும் சின்ன வயசுலேருந்து எலியும் பூனையும். நீ நடுவுல நிக்கிற வரைக்கும்தான் உயிரோட இருப்பானுங்க. விட்டுடாத."

பாய்லரக்காவுக்கு அந்த வார்த்தைதான் பாகப் பத்திரம். பத்தொன்பது வருடம் அவள் அந்தக் கொட்டகையை விட்டு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெளியே போனதில்லை. கரி அள்ளிப் போட்டாள், சாம்பல் வாரினாள், புகையின் நிறத்தைப் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைத்தாள். ஆனால் அவள் மனதில் அவள் செய்த வேலை வேறு. அண்ணனையும் தம்பியையும் ஒருவரை ஒருவர் கொல்லாமல் பார்த்துக்கொள்கிற வேலை. தன் வாழ்க்கையில் வேறெதுவும் உருப்படவில்லை, இது ஒன்றாவது உருப்பட்டதே என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

அப்பா சொன்னது பொய்யில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அண்ணன் சுமந்துபோன ஏணி தம்பியின் குடிலில் இடித்து ஒரு கண்ணாடி உடைந்தது. குளிர்காலத்தில் ஒரு கண்ணாடி உடைவது என்பது வீட்டில் ஒரு கதவு இல்லாமல் போவது மாதிரி. தம்பி ஓடிவந்து கத்தினான். அண்ணன் பதிலுக்குக் கத்தினான். கீழே கிடந்த துண்டு ஒன்று தம்பி கைக்குப் போயிற்று, இன்னொன்று அண்ணன் கைக்கு. பாய்லரக்கா வெளியே வந்தபோது தம்பியின் கழுத்திலிருந்து சட்டை முழுக்க ரத்தம். அண்ணனின் இரண்டு விரல் தோல் கிழிந்து தொங்கியது. அவள் பேசிப் பார்க்கவில்லை. பாய்லரின் கழிவுக் குழாயைத் திருப்பி இரண்டு பேர் மேலும் கொதிநீரை அடித்தாள். ஆளுக்கொரு பக்கம் அலறிக்கொண்டு ஓடினார்கள். தம்பிக்குப் பன்னிரண்டு தையல். இரண்டு பேருக்கும் தொடையில் கொப்புளம். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அன்றைக்கு அவள் சட்டம் போட்டாள். இனி பாய்லர் கொட்டகைக்குள் அண்ணனும் வரக்கூடாது, தம்பியும் வரக்கூடாது. அவளும் யார் குடிலுக்குள்ளும் போகமாட்டாள். கரித்தூள் இலையில் படியும் என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே போனால் இந்தச் செடி வாடியிருக்கிறது, அந்தச் செடி வாடியிருக்கிறது என்று மனசு சாயும் என்பது உண்மையான காரணம். தம்பி என்றால் அவளுக்கு உயிர். இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அந்த உயிர் தராசில் ஏறிவிடக் கூடாது என்பதில் அவள் குறியாக இருந்தாள்.

அதனால் அவளுக்குக் கண், காது எல்லாமே சுவரில் மாட்டியிருந்த போர்டுதான். அதில் இரண்டு முள். ஒவ்வொரு குடிலின் நடுவிலும் செடி உயரத்துக்கு ஒரு சென்சார் பெட்டி தொங்கும். அது காட்டும் வெப்பம் இங்கே முள்ளில் வரும். எந்த முள் இறங்குகிறதோ அந்தப் பக்கத்து வால்வை அரைச் சுற்றுத் திறப்பாள், ஏறினால் மூடுவாள். அந்தப் பாய்லர் எத்தனை கத்தினாலும் ஓர் அளவுக்கு மேல் சூடு தராது. ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் அது இன்னொருவரிடமிருந்து பிடுங்கியதுதான். ஆகவே இரண்டு முள்ளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நின்றன. வருகிறவர்களையெல்லாம் போர்டுக்கு முன்னால் நிறுத்திக் காட்டுவாள்.

"பாருங்க. ஒரு முடி வித்தியாசம் இருக்கா?"

இந்தக் குளிர்காலத்தில் தகராறு அங்கேதான் தொடங்கியது. முள் இரண்டும் ஒரே கோட்டில்தான் நின்றன. ஆனால் வழக்கமான பதினெட்டு டிகிரியில் இல்லை, பதினாறில். எவ்வளவு கரி போட்டாலும் ஏறவில்லை. கரி மட்டமாக இருக்கும், கண்ணாடி இடுக்கில் காற்று போகும் என்று அவளாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். கிழக்கே அண்ணனின் வெள்ளரி மஞ்சளித்து நின்றது. பூ உதிர்ந்தது. வந்த காயும் கொக்கி மாதிரி வளைந்து வந்தது. மேற்கே தம்பியின் வண்டி வாரம் மூன்று முறை கூடை கூடையாகக் காய் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிற்று. உழைக்கிறவனுக்கும் உழைக்காதவனுக்கும் உள்ள வித்தியாசம் இது என்று பாய்லரக்கா முடிவு கட்டினாள். அண்ணனுக்கு வயதாகிவிட்டது, சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று லாரிக்காரரிடமே சொன்னாள்.

ஒரு நாள் காலையில் அண்ணன் சட்டத்தை மீறிக் கொட்டகைக்குள் வந்தான். லாரிக்காரர் அப்போதுதான் கரியை இறக்கிக்கொண்டிருந்தார். தம்பி தன் குடிலின் வாசலில் நின்றிருந்தான்.

"என் பக்கம் வால்வைக் கொஞ்சம் திறந்து விடு" என்றான் அண்ணன்.

"முள்ளைப் பாருண்ணே. ரெண்டும் ஒண்ணாத்தான் நிக்குது."

"முள்ளு நிக்கட்டும். நீ திற."

"எதுக்கு? காரணம் சொல்லு."

அண்ணன் வாயைத் திறந்தான். வாசல் வழியாகத் தெரிந்த தம்பியைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"காரணமெல்லாம் கேக்காத. கேட்டதைக் குடு."

"காரணம் இல்லாம இங்கேருந்து ஒரு சொட்டு வெந்நீர் போகாது. அவன் காய்க்குதுன்னு வயித்தெரிச்சல் உனக்கு. வெளிய போ."

அண்ணன் போகவில்லை. நேராக வால்வுச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினான். பாய்லரக்காவின் கையில் கரி கிளறும் கம்பி இருந்தது. ஆள் உயரக் கம்பி, முனை வளைந்தது. அவள் யோசித்து அடித்தாள் என்று சொல்ல முடியாது. கம்பி அண்ணனின் முன்கையில் இறங்கியது. காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. அண்ணன் கத்தவில்லை. முழங்கைக்குக் கீழே புதிதாக ஓர் இடத்தில் மடங்கியிருந்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, அவளை ஒரு பார்வை பார்த்தான். லாரிக்காரர் அவனைத் தன் வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இந்தக் கதைக்கு அவர் எங்கேயும் சிரிக்கவில்லை. தம்பி வாசலிலிருந்து உள்ளே போய்விட்டான்.

மறுநாள் அண்ணி வந்தாள். கொட்டகை வாசற்படியோடு நின்றுகொண்டாள்.

"எலும்பு ரெண்டா போயிடுச்சு. தகடு வச்சுக் கட்டியிருக்காங்க" என்றாள்.

"சட்டம்னா சட்டம், அண்ணி."

"உங்க சட்டத்துல தீ வைக்க. அந்த மனுஷன் ராத்திரியெல்லாம் வலியில பல்லைக் கடிச்சிட்டுக் கிடக்கறார். உங்களை ஒரு வார்த்தை திட்டல. ஏன் திட்டலன்னு கேட்டா, வாயை மூடுடிங்கறார். எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்களுக்காவது விளங்குதா?"

பாய்லரக்காவுக்கும் விளங்கவில்லை. தப்பு செய்தவன் திட்டமாட்டான் என்று எடுத்துக்கொண்டாள். அடித்ததற்கு அவளுக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பாவம். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்த வருத்தத்துக்குள்ளேயே ஒரு பெருமையும் இருந்தது. அண்ணன் என்றும் பார்க்கவில்லை, நியாயம் தவறவில்லை என்கிற பெருமை.

கை ஒடிந்த பதினோராம் நாள் மத்தியானம் வானம் வெளுத்துப்போய், காற்று நின்றுவிட்டது. பெரிய குளிர் வரப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த நேரம் பார்த்துப் பாய்லரின் அழுத்தம் குறையத் தொடங்கியது. எங்கேயோ குழாய் ஒழுகுகிறது. தண்ணீர் குறைந்து பாய்லர் வறண்டால் கொட்டகையே வெடித்துவிடும். அவள் வெளிக்குழாய் முழுக்கத் தடவிப் பார்த்தாள், ஈரம் இல்லை. கிழக்கே போய்க் குரல் கொடுத்தாள். கட்டுப்போட்ட கையோடு அண்ணன் உள்ளே தேடிப் பார்த்துவிட்டு, "இங்க ஒழுகல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். தம்பி சந்தைக்குப் போயிருந்தான். மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை.

வேறு வழியில்லை. பூட்ஸைக் கழுவிக்கொண்டு, ஆறு வருடத்துக்குப் பிறகு, பாய்லரக்கா மேற்குக் குடிலின் கதவைத் திறந்தாள்.

சூடு முகத்தில் வந்து மோதியது. மூக்குக்கண்ணாடி ஒரே நொடியில் வெள்ளையாகிப் போயிற்று. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பத்தொன்பது வருடம் சூட்டோடு புழங்கிய தோல் அது. இது பதினாறு இல்லை என்று கன்னம் சொன்னது. காது மடலும் சொன்னது. செடிகள் கூரையைத் தொட்டுக்கொண்டு, முழங்கை நீளக் காயைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன. வியர்வை முதுகில் இறங்கியது. பத்தொன்பது இருக்கும். குறையாது.

ஒழுகிய இடத்தை முதலில் கண்டுபிடித்தாள். நடுப்பாதையை ஒட்டிய நாற்பதாவது வரிசை முனையில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தது. முறுக்கி இறுக்கினாள். நிமிர்ந்தபோது சென்சார் பெட்டி தலைக்கு நேராகத் தொங்கியது.

அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. மிருதுவான பழைய துணி. நான்காக மடித்து, நூலால் அழகாகக் கட்டியிருந்தது. துணியின் வால் கீழே ஒரு தகர டப்பாவுக்குள் இறங்கியிருந்தது. டப்பாவில் தண்ணீர். வால் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சித் துணியை எப்போதும் ஈரமாகவே வைத்திருந்தது. ஈரத்துணி சுற்றிய இடம் அக்கம்பக்கத்தைவிடக் குளிராகத்தான் இருக்கும், காய்ச்சல்காரன் நெற்றியில் போடுகிற துணியைப் போல. பெட்டி மூன்று டிகிரி பொய் சொல்லும். போர்டில் முள் பதினாறைக் காட்டும். நடுவில் ஒருத்தி கரியை அள்ளி அள்ளிப் போட்டு, கிழக்கிலிருந்து பிடுங்கி மேற்குக்குக் கொடுத்துவிட்டு, ஒரு முடி வித்தியாசம் இருக்கா என்று ஊரைக் கூட்டிக் காட்டுவாள்.

எத்தனை சுத்தமான வேலை என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தம்பி எதையுமே நறுவிசாகச் செய்வான்.

அடுத்த கணம் அண்ணனின் கை ஒடிந்த சத்தம் காதில் கேட்டது.

அவள் துணியை அவிழ்க்கவில்லை. கொட்டகைக்குப் போய் ஆறு முறை கரி அள்ளிப் போட்டாள். அழுத்தம் சரியாகும்வரை நின்று பார்த்தாள். அவள் கோபம் காத்திருந்தது வாழ்க்கையில் அன்று ஒரு தடவைதான். காத்திருந்ததில் அது தணியவில்லை, ஊறிப் பெருத்தது. தம்பியின் வண்டிச் சத்தம் கேட்டதும் கம்பியை அடுப்பிலிருந்து உருவினாள். முனை சிவந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேற்குக் குடிலுக்குத் திரும்பிப் போய், அந்தப் பெட்டிக்குக் கீழே நின்றாள்.

இருட்டுவதற்கு முன், சூடு போகாமல் கண்ணாடியை மறைக்கும் திரையை இழுத்து மூட வேண்டுமே என்று தம்பி அவசரமாக வந்தான். கையில் காலிக் கூடைகள் அடுக்கி வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான். அப்புறம் அவள் நின்ற இடத்தைப் பார்த்தான். சிரிப்பு போயிற்று.

"அக்கா..."

"அண்ணன் கை ஒடிஞ்சப்ப நீ எங்கடா நின்ன?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளு."

"எங்கடா நின்ன?"

"வாசல்ல" என்றான் தம்பி.

முதல் அடியைக் கூடைகள் வாங்கிக்கொண்டன. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. சட்டை கருகி, தோல் கருகி, அந்த நாற்றம் செடி வாசத்தை அமுக்கியது. அவன் அலறிக்கொண்டு வரிசைக்குள் ஓடினான். அவள் துரத்தினாள். செடியைத் தாங்கிய கயிறுகளெல்லாம் கம்பியில் சிக்கி அறுந்தன. ஆள் உயரக் கொடிகள் காயோடு சரிந்து இருவர் மேலும் விழுந்தன. அவன் இடுப்பிலிருந்த காய் அறுக்கும் கத்தியை உருவினான்.

"கிட்ட வராத! சொல்லிட்டேன், கிட்ட வராத!"

அவள் வந்தாள். கத்தி அவள் உள்ளங்கையைக் குறுக்கே கிழித்தது. அதை அவள் சட்டை செய்யவே இல்லை. ரத்தத்தோடு கம்பியைப் பிடித்து அவன் கணுக்காலில் வீசினாள். அவன் சுடுகுழாய் மேல் குப்புற விழுந்தான். வாய் குழாயில் மோதி, முன்பல் இரண்டு உடைந்து வந்தன. எழுந்திருக்கப் பார்த்தவனை முதுகில் உதைத்தாள்.

"போன வருஷம் அவனுதுதான் முதல்ல காய்ச்சுது" என்று தம்பி ரத்தத்தைத் துப்பிக்கொண்டு கத்தினான். "எல்லாரும் அவன்தான் விவசாயின்னாங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் முந்தணும்னு நினைச்சேன். நீ ஒரு நாளாவது உள்ள வந்து பார்த்தியா? வந்திருந்தா அன்னிக்கே கழட்டியிருப்பேன்!"

கழற்றியிருப்பான். அவனால் அவளிடம் நேருக்கு நேர் பொய் சொல்ல முடியாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் கோபம் இரட்டிப்பாயிற்று. ஏனென்றால் அதில் பாதி அவள் மேலேயே திரும்பியது. ஓங்கி வீசிய கம்பி குறி தவறிச் சுவரில் பட்டது. ஒரு கண்ணாடி சரிந்தது. அடுத்த வீச்சில் அதன் மேல் இருந்ததும், பக்கத்தில் இருந்ததும். வெளியே காத்துக்கொண்டிருந்த குளிர் அந்த ஓட்டை வழியாக உள்ளே பாய்ந்தது. உள்ளே இருந்த சூடு வெள்ளை ஆவியாகக் கண்ணெதிரே வெளியேறியது. பத்தொன்பது வருடம் ஒரு துளிச் சூடு வீணாகாமல் காத்தவள், அதைப் பார்க்கக்கூட இல்லை. தம்பி தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தான். அவள் அந்தக் கைகளின் மேலேயே அடித்தாள். விரல் ஒடிவது கம்பி வழியாகத் தெரிந்தது. இன்னொரு முறை ஓங்கினாள்.

அந்த அடி இறங்கியபோது கீழே தம்பி இல்லை. அண்ணன் இருந்தான்.

கண்ணாடிச் சத்தம் கேட்டு ஓடிவந்தவன், கட்டுப்போட்ட கையோடு அப்படியே தம்பியின் மேல் கவிழ்ந்திருந்தான். கம்பி அவன் முதுகில் விழுந்து, மறுபடி மேலே போனது. அவனுக்கு மூச்சு நின்று, ஒரு முனகலோடு திரும்பி வந்தது. ஆனால் அவன் நகரவில்லை. இருந்த ஒரு நல்ல கையைத் தம்பியின் தலைக்கு மேல் விரித்து வைத்துக்கொண்டான்.

"அண்ணே, எந்திரி! இவன் என்ன பண்ணியிருக்கான்னு உனக்குத் தெரியாது! உன் சூட்டைத் திருடியிருக்கான்! அந்தப் பெட்டியில ஈரத்துணியைச் சுத்தி..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"துணி. டப்பா. குளிர் தொடங்கின மாசமே தெரியும். சுவரெல்லாம் கண்ணாடிதானேம்மா. அவன் தினம் தண்ணி ஊத்தறது எனக்குத் தெரியாதா?"

உடைந்த சுவர் வழியாக வந்த காற்றில் அறுந்த கொடிகள் ஆடின. உள்ளங்கையிலிருந்து ரத்தம் முழங்கை வரை வழிந்தது.

"அப்பறம் ஏன் சொல்லல? அன்னிக்குக் காரணம் கேட்டேனே? உன் கையை ஒடிச்சேனேண்ணே? அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?"

அண்ணன் மெல்லத் தலையை மட்டும் திருப்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. அவளைவிட ஆறு வயது மூத்தவன் அவளைக் கெஞ்சுகிறான் என்பது அவளுக்கு முதலில் புரியவே இல்லை.

"சொல்லியிருந்தா அன்னிக்கு என் கையோட போயிருக்காது. இவனைக் கொன்னிருப்ப. பயிரு போனா அடுத்த வருஷம் போட்டுக்கலாம். அதான் காரணம் சொல்லாம வால்வைத் திறந்துக்கலாம்னு பார்த்தேன். விட்டுடும்மா. போதும். விட்டுடு."

நான் நடுவில் இல்லாவிட்டால் இவர்கள் வெட்டிக்கொண்டு சாவார்கள் என்று நம்பித்தானே பாய்லரக்கா அந்த அடுப்புக்கு முன்னால் இத்தனை வருடம் வெந்தாள். இங்கே ஒருவன் இன்னொருவனைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு கிடக்கிறான். மூடியது அவளிடமிருந்து. வெட்கம் வந்தது. வெட்கம் என்றால், அங்கேயே அந்தக் குழாயில் தலையை மோதிக்கொள்ளலாம் போன்ற வெட்கம். இருவரையும் தூக்கிவிட வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும், இந்தக் கண்ணாடிக்கு எதையாவது வைத்து அடைக்க வேண்டும் என்று தோன்றியது. ஓர் அடி முன்னால் வைத்தாள். அண்ணனும் எழுந்திருக்கலாமா என்று கையை ஊன்றினான்.

அவனுக்கு அடியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. உடைந்த பல் வழியாகக் காற்றோடு வந்த அந்தக் குரல் ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணனோடு பேசியது.

"எந்திரிக்காதண்ணே. அவ இன்னும் கம்பியைக் கீழ போடல."

பாய்லரக்கா நிமிர்ந்து தன் கையைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் அது தலைக்கு மேலே ஓங்கியபடியேதான் இருந்தது.